பயாப்ஸி முடிவுக்குக் காத்திருக்கிறேன். பயப்படுவது அவிசுவாசமா?

தாமிரபரணிக்கரை
ஞாயிறு, இரவு 11.40

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் இங்கே எழுதுவது இதுதான் முதல் தடவை. வயது 47, பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. மூன்று வாரத்துக்கு முன் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. வலி இல்லையே என்று ஒரு வாரம் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன், அது தப்பு என்று இப்போது தெரிகிறது. மாமோகிராம், அல்ட்ராசவுண்ட் இரண்டும் எடுத்தாயிற்று. அறிக்கையில் பை-ராட்ஸ் (கட்டி எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று சொல்கிற அளவு) 4பி என்று இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பயாப்ஸி, அதாவது கட்டியிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துச் சோதிப்பது.

நான் கோயிலிலேயே வளர்ந்தவள். அப்பா உபதேசியாராக இருந்தவர். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நான்தான் கதை சொல்கிறேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தோடு எத்தனையோ நோயாளிகளின் வீடுகளுக்குப் போயிருக்கிறேன். "கவலைப்படாதீங்க, கர்த்தர் பார்த்துக்குவார்" என்று அவர்கள் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு அதையே எனக்குச் சொல்லிப் பார்த்தால் உள்ளே இறங்கவில்லை. ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வேதத்தைத் திறந்தால் கண் வரியில் ஓடுகிறது, மனசு மகளின் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் நிற்கிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் "ஆண்டவரே" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.

இன்று ஆராதனை முடிந்ததும் ஒரு சகோதரி என்னைத் தனியாக அழைத்து, "பயத்துக்கு இடம் கொடுத்தால் விசுவாசம் இல்லை என்றுதான் அர்த்தம்" என்று சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து நோயைவிட அந்த வார்த்தைதான் அதிகமாகக் குத்துகிறது. இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். உங்களுக்குச் சமாதானம் எப்படி வந்தது? வந்ததா?

சூரைச்செடி
ஞாயிறு, இரவு 11.58

அக்கா, முதலில் தூங்கப் பாருங்கள். எலியா சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று படுத்தபோது ஆண்டவர் அவரிடம் விசுவாசத்தைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லை. தூங்கவிட்டார். தூதன் வந்து எழுப்பி, தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு எலியா திரும்பவும் படுத்துக்கொண்டார். கேள்வியெல்லாம் நாற்பது நாள் கழித்து ஓரேப் மலையில்தான் வந்தது. எனக்குத் தைராய்டில் கட்டி என்று ஊசி போட்டுச் சோதித்த நாட்களில் இந்த ஒரு பகுதியை மட்டும்தான் என்னால் வாசிக்க முடிந்தது. இரவில் கொஞ்சம் பால் சாப்பிடுங்கள். மற்றதை நாளைக்குப் பேசலாம்.

விசுவாச வீரன்
திங்கள், காலை 5.15

சகோதரி, உங்கள் பதிவை வாசித்து அதிகாலை ஜெபத்தில் உங்களைத் தாங்கினேன். அன்போடு ஒன்று சொல்கிறேன். "எனக்கு அந்த நோய் இருக்கலாம்" என்று வாயால் அறிக்கை செய்யாதீர்கள். மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்தில் இருக்கும் என்று நீதிமொழிகள் சொல்கிறது. ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும் என்று பலர் சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். பயாப்ஸியைத் தள்ளிப்போட்டுவிட்டு 21 நாள் உபவாசத்தில் காத்திருங்கள். என் மாமாவின் வயிற்றுக்கட்டி அப்படித்தான் கரைந்தது.

மெழுகுக்கட்டை
திங்கள், காலை 7.20

அக்கா, தயவு செய்து பயாப்ஸியைத் தள்ளிப்போட வேண்டாம். நான் ஒரு மருத்துவமனையின் நோய்க்கூறியல் ஆய்வகத்தில் 14 வருடமாக டெக்னீஷியன். நானும் விசுவாசிதான். டாக்டர் இல்லை, ஆனால் என் கையில் தினமும் புழங்குகிற விஷயம் என்பதால் சொல்கிறேன்.

ஊசி பட்டால் பரவும் என்பது ஊரில் எல்லாரும் சொல்வதுதான். கட்டியோடு வருகிறவர்களில் சிலருக்கு அது ஏற்கெனவே பரவியிருக்கும். ஊசி போட்ட பிறகு அது தெரியவரும்போது பழி ஊசி மேல் விழுகிறது. மார்புக் கட்டிக்கு ஊசியில் சதை எடுத்துச் சோதிப்பதுதான் உலகம் முழுக்க உள்ள முறை. சோதிக்காமல் 21 நாள் உட்காருவதுதான் நிஜமான ஆபத்து.

4பி என்றால் என்ன என்று டாக்டர் உங்களுக்குச் சொன்னாரா தெரியவில்லை. சந்தேகத்துக்கு இடமிருக்கிறது, சதையை எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும் என்று அர்த்தம். புற்றுநோய்க்கான வாய்ப்பு 10 சதவீதத்துக்கு மேல், 50 சதவீதம் வரை. அதாவது அது உறுதி செய்யப்பட்ட நோய் இல்லை. சும்மா விட்டுவிடுகிற விஷயமும் இல்லை.

செவ்வாய் அன்று என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன், தெரியாததால்தான் பாதி பயம். மரத்துப்போக ஊசி போடுவார்கள், அந்த எரிச்சல் சில நொடி. பிறகு அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே சற்றுத் தடித்த ஊசியால் நூல் போன்ற சதைத் துண்டுகளை எடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஸ்டேப்ளர் அடிப்பது போல "டக்" என்று சத்தம் வரும். சத்தம்தான் திடுக்கிட வைக்கும், வலி அவ்வளவு இருக்காது. முன்னால் பட்டன் வைத்த உடை போட்டுப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது எடுத்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விசுவாச வீரன் அண்ணா, உங்கள் மாமா சுகமானதற்கு நானும் ஸ்தோத்திரம் சொல்கிறேன். ஆனால் எசேக்கியா ராஜாவைப் பாருங்கள். அழுது ஜெபித்தார், கர்த்தர் கேட்டார், 15 வருடம் கூட்டினார். அதே அதிகாரத்தில் ஏசாயா என்ன சொன்னார்? அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். வாக்குத்தத்தமும் இருக்கிறது, பற்றும் இருக்கிறது.

விடியல்மணி
திங்கள், காலை 8.05

செவ்வாய் எத்தனை மணிக்கு?

தாமிரபரணிக்கரை
திங்கள், காலை 8.30

காலை 10.30 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

தம்பி மெழுகுக்கட்டை, நீங்கள் எழுதியதை மூன்று தடவை வாசித்தேன். யாரும் இப்படி எனக்கு விளக்கவில்லை. ஸ்கேன் எடுத்த இடத்தில் அந்தப் பெண் திரையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாள் என்ன செஞ்சீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். பயாப்ஸிக்குக் கட்டாயம் போகிறேன்.

ஓய்வுபெற்ற சேகரகுரு
திங்கள், பிற்பகல் 3.10

மகளே, சபை ஐயர் எழுதுகிறேன். இந்த வயதில் கைபேசியில் தட்டச்சு மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

நம் கோயில்களில் நோயாளிக்கு வாசிக்கிற வசனங்களில் பிலிப்பியர் 4:6, 7 முதல் வரிசையில் இருக்கும். "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று தொடங்கி "எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம்" என்று போகும். உனக்கும் யாராவது ஏற்கெனவே அனுப்பியிருப்பார்கள். நானும் 35 வருடம் அதை நோயாளிகளின் தலைமாட்டில் நின்று வாசித்தவன்தான். வாசித்த பாதி நாட்களில் அதை ஒரு கட்டளை மாதிரித்தான் வாசித்திருக்கிறேன் என்று எனக்கே பின்னால் புரிந்தது. எனக்கு ப்ராஸ்டேட்டில் பயாப்ஸி எடுத்து ஒன்பது நாள் காத்திருந்தபோதுதான் அந்த நிருபத்தை முதல் அதிகாரத்திலிருந்து ஒரே மூச்சில் வாசித்தேன்.

அதை எழுதுகிற பவுல் எங்கே இருக்கிறார் என்று பார். கட்டப்பட்டிருக்கிறார். வழக்கு முடியவில்லை. விடுதலையா, மரணமா என்று அவருக்கே தெரியாது. "ஜீவனாலாகிலும், சாவினாலாகிலும்" என்று முதல் அதிகாரத்தில் எழுதுகிறார், இரண்டாம் அதிகாரத்தில் "என் காரியங்கள் இன்னபடி நடக்குமென்று" தெரிந்தவுடனே தீமோத்தேயுவை அனுப்புவேன் என்கிறார். அதாவது, முடிவு இன்னும் கைக்கு வரவில்லை! சமாதானத்தைப் பற்றிய அந்த வசனம், முடிவு தெரிந்து நிம்மதியானவர் எழுதியது அல்ல. உன்னைப் போல, என்னைப் போல, முடிவுக்குக் காத்திருந்த ஒரு மனிதர் எழுதியது.

இன்னொன்றும் கவனி. அந்தச் சமாதானம் உங்கள் இருதயங்களைக் "காத்துக்கொள்ளும்" என்கிறார். மூலத்தில் அது கோட்டை வாசலில் காவல்படை நிற்பதற்குச் சொல்கிற சொல். காவல்காரன் எதற்கு நிற்பான்? வெளியே ஆபத்து இருப்பதால்தான் நிற்பான். பயம் வந்து வாசலைத் தட்டாது என்று பவுல் சொல்லவில்லை. தட்டும். ராத்திரி 2 மணிக்குத் தட்டும். உள்ளே ஏறி உட்கார்ந்து ராஜ்யம் நடத்த விடாது, அவ்வளவுதான்.

ஆகையால் பயப்படுவது அவிசுவாசமா என்று கேட்டாயே, "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்று 56-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. பயப்படாத நாளில் என்று இல்லை.

விசுவாச வீரன் தம்பிக்கும் ஒரு வார்த்தை. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் மருத்துவம் படிக்கப் போனதற்குக் காரணம் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்ததுதான். ஆண் மருத்துவரை அவர்கள் ஏற்கவில்லை, மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த அம்மையார் அன்றிரவு ஜெபித்தார், பிறகு மருத்துவக் கல்லூரிக்குப் போனார். 1900-இல் ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இன்று எப்படி நிற்கிறது என்று பார்க்கிறோம். நம் பக்கத்து நெய்யூரில் டாக்டர் சாமர்வெல் 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போய்விட்டு வந்தவர், லண்டனில் கிடைத்திருக்கக்கூடிய பெரிய வேலையை விட்டுவிட்டு அறுவைசிகிச்சைக் கத்தியைப் பிடித்தார். இவர்கள் யாரும் விசுவாசம் குறைந்ததால் மருந்தைத் தொட்டவர்கள் அல்ல.

அறிக்கை வரும்வரை நெடிய ஜெபம் செய்ய முயலாதே. "ஆண்டவரே" என்கிற அந்த ஒரு சொல் போதும்.

விசுவாச வீரன்
திங்கள், இரவு 9.45

ஐயா, நான் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். என் அம்மாவை இந்த நோயில் இழந்தேன். ஆஸ்பத்திரியில் அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்ததிலிருந்து அந்தப் பக்கம் போகவே எனக்குப் பயம். அந்தப் பயத்தைத்தான் விசுவாசம் என்று சொல்லிக்கொண்டேனோ என்று இன்றைக்குத் தோன்றுகிறது. சகோதரி, பயாப்ஸிக்குப் போய் வாருங்கள். உபவாசம் நான் இருக்கிறேன்.

விடியல்மணி
செவ்வாய், காலை 10.25

அக்கா, கடையை அரை மணி நேரம் தம்பியிடம் விட்டுவிட்டு மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். 11 மணி வரை இங்கேதான் இருப்பேன். எனக்குப் பெரிதாக ஜெபிக்கத் தெரியாது. "என்னோடேகூட விழித்திருங்கள்" என்று இயேசுவே கேட்டாரே, அதை மட்டும் செய்கிறேன்.

தாமிரபரணிக்கரை
செவ்வாய், மாலை 6.00

முடிந்தது. ஐந்து தடவை "டக்". தம்பி சொன்ன மாதிரியே ஸ்டேப்ளர் சத்தம். முன்னமே தெரிந்திருந்ததால் முதல் சத்தத்துக்கே பழகிவிட்டது.

மேசையில் படுத்திருந்தபோது, விடியல்மணி மாடியில் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன். உங்கள் முகம் எனக்குத் தெரியாது, அக்காவா தம்பியா என்பதும் தெரியாது. ஆனால் யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு ஊரில் ஒரு மாடியில் எனக்காக உட்கார்ந்திருக்கிறார் என்பது அந்த அறையில் பெரிய விஷயமாக இருந்தது. வசனம் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. பயம் இருந்தது. ஆனால் தனியாக இல்லை.

அறிக்கைக்கு ஐந்து நாளிலிருந்து ஒரு வாரம் ஆகுமாம். இவ்வளவு நாள் எதற்கு?

மெழுகுக்கட்டை
செவ்வாய், இரவு 8.15

அக்கா, தாமதம் என்றால் கெட்ட செய்தி என்று அர்த்தம் இல்லை. இதை எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எடுத்த சதையை உடனே ஃபார்மலினில் போடுகிறோம். மார்புச் சதை அதில் குறைந்தது ஆறு மணி நேரம் ஊறவேண்டும். இல்லையென்றால் பின்னால் செய்கிற ஹார்மோன் சோதனைகள் சரியாக வராது. பிறகு ராத்திரி முழுக்க எந்திரத்தில் ஆல்கஹால், சைலீன் என்று ஒவ்வொன்றாக மாறி, கடைசியில் உருகிய மெழுகு சதைக்குள் இறங்கும். காலையில் அதை மெழுகுக்கட்டையாக வார்ப்போம். என் பெயர் அங்கிருந்து வந்ததுதான். அதை மைக்ரோடோம் என்கிற சீவும் கருவியில் வைத்து மூன்று, நான்கு மைக்ரான் தடிமனில் சீவுவோம். தலைமுடி ஒன்றின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடித் தகட்டில் ஏந்தி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றிய பிறகுதான் டாக்டர் பார்ப்பார். சந்தேகம் வந்தால் "இன்னும் ஆழமாக வெட்டு" என்று கட்டை திரும்ப என்னிடம் வரும். சில நேரம் இன்னொரு டாக்டரிடம் காட்டுவார்கள். அவசரப்பட்டுத் தப்பாகச் சொல்வதைவிட இரண்டு நாள் கூடுவது நல்லது.

ஒரு விஷயம் இங்கே யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு கட்டைக்கும் எண்தான் இருக்கும், பெயர் எனக்குத் தேவையில்லை. சீவுவதற்கு முன் அந்த எண்ணைப் பார்த்து, "ஆண்டவரே, இது யாரோ, அவர்களோடு இரும்" என்பேன். 14 வருடமாக.

நீலமலை
புதன், இரவு 1.30

சகோதரி, இதை எழுதலாமா என்று யோசித்து யோசித்து எழுதுகிறேன். என் மனைவிக்கு 2019-இல் இதே நோய். ஊரே ஜெபித்தது. எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். அவள் இரண்டு வருடத்தில் போய்விட்டாள். அதனால் "நீங்கள் கட்டாயம் சுகமாவீர்கள்" என்று என்னால் எழுத முடியாது.

அவளும் உங்களைப் போல ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னால் தூங்கமாட்டாள். சங்கீதத்தில் அழுகையாக இருப்பதை எல்லாம் தேடித் தேடி என்னை வாசிக்கச் சொல்வாள். "இராமுழுவதும் என் கண்ணீரால் என் படுக்கையை மிகவும் ஈரமாக்கி" என்று ஆறாம் சங்கீதத்தில் வரும். 88-ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடியும், ஆறுதலாக ஒரு வரிகூட அதில் கடைசியில் கிடையாது. நான் ஒருநாள் கோபப்பட்டு, "நல்லதா ஏதாவது வாசிக்கக் கூடாதா?" என்றேன். "இதுவும் வேதத்துலதான இருக்கு. நான் அழுறதுக்கு ஆண்டவரே வார்த்தை எழுதி வச்சிருக்காரு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்ததை நான் பார்த்தேன். அதற்குச் சமாதானம் என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. சுகம் வேறு, அது வேறு. முதலாவது எங்களுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் அதில் ஆண்டவரோடு வழக்கு இருக்கிறது. ஆனால் இரண்டாவது கிடைத்தது என்பதை நான் மறுக்கமாட்டேன்.

ஒற்றையடி
புதன், காலை 9.00

எனக்கு இப்போது விசுவாசம் என்று பெரிதாக இல்லை. அம்மாவின் சிகிச்சைக்காக அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் பல மாதம் தங்கியிருந்தபோதுதான் அது கரைந்தது. இருந்தாலும் இந்த இழையை நேற்றிலிருந்து வாசிக்கிறேன். நீலமலை அண்ணன், நீங்கள் எழுதியது போல யாராவது அப்போது எங்களிடம் பேசியிருக்கலாம். எங்களிடம் வந்தவர்கள் எல்லாரும், வீட்டில் என்ன பாவம் இருக்கிறது என்றுதான் தேடினார்கள்.

நீலமலை
புதன், காலை 9.20

தம்பி, அவர்கள் சார்பில் நான் மன்னிப்புக் கேட்கிறேன். பிறவிக்குருடனைப் பார்த்து, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று இயேசு சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் நம் ஆட்கள் தேடுவது எனக்கும் வலிக்கிறது. அம்மா எப்படி இருக்கிறார்கள்?

ஒற்றையடி
புதன், காலை 9.26

நன்றாக இருக்கிறார்கள் அண்ணா. ஏழு வருடம் ஆகிறது. தினமும் கோயில் மணி அடிக்கும்போது எனக்காகத்தான் ஜெபிக்கிறார்கள்.

தாமிரபரணிக்கரை
அடுத்த திங்கள், மாலை 5.50

அறிக்கை வந்துவிட்டது. புற்றுநோய்தான். இரண்டாம் தரம் (கிரேடு 2) என்று எழுதியிருக்கிறது. அக்குளில் ஒரு நிணநீர்க்கணுவும் வீங்கியிருப்பதால் ஹார்மோன் சோதனைகளோடு, வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்கிற பெட் ஸ்கேனும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

டாக்டர் சொன்னதும் அவர் கையெழுத்துப் போட்ட பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீல மூடி. வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார். எலியாவின் தண்ணீர்ப் பாத்திரம் ஞாபகம் வந்தது.

ஐயா, நீங்கள் எழுதிய காவல்காரன் பற்றிச் சொல்லவேண்டும். நேற்றிரவும் 2 மணிக்கு விழிப்பு வந்தது. பயமும் வந்தது, நேரம் தவறாமல். முன்பெல்லாம் அது வந்தால் நான் குற்றவாளி மாதிரி எழுந்து உட்காருவேன். இந்தத் தடவை படுத்தபடியே, "ஆண்டவரே, பயமா இருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னேன். பயத்தை மறைக்காமல் அவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. பதில் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டேன். விழித்தபோது 5.30 மணி, கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சகோதரி வீட்டுக்கு வந்தார். அவர் சொன்னது எனக்கு வலித்தது என்று சொன்னேன். அழுதுவிட்டார். அவருக்கும் ஒரு மாமோகிராம் பல மாதமாகத் தள்ளிப்போய்க் கிடக்கிறதாம். புதன்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து போகிறோம்.

மெழுகுக்கட்டை
அடுத்த திங்கள், இரவு 7.30

அக்கா... பெட் ஸ்கேனுக்கு ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை அளவு பார்த்துவிட்டுத்தான் மருந்து ஏற்றுவார்கள். பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேரம் தனி அறையில் அசையாமல், பேசாமல் படுத்திருக்கவேண்டும். கைபேசியும் வேண்டாம் என்பார்கள். குளிரும், சால்வை கேளுங்கள். முடிந்து வந்ததும் சில மணி நேரம் கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் போகாதீர்கள். மருந்தின் கதிர்வீச்சு இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே பாதியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை.

தாமிரபரணிக்கரை
வெள்ளி, மாலை 4.15

ஸ்கேன் எடுத்தாயிற்று. அந்த ஒரு மணி நேரம் நான் பயந்த அளவுக்கு இல்லை. முதல் பத்து நிமிடம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லி ஜெபித்தேன், அதன்பிறகு சொல் தீர்ந்துவிட்டது. சும்மா கிடந்தேன். சும்மா கிடக்கவும் அவர் விட்டார்.

முடிவு செவ்வாய்க்கிழமை.

கரும்பனை
வெள்ளி, இரவு 10.10

வணக்கம். இந்த இழை முழுவதையும் இப்போதுதான் வாசித்தேன். எனக்கு 39 வயது. திங்கட்கிழமை எனக்குப் பயாப்ஸி. வீட்டில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை.

தாமிரபரணிக்கரை
வெள்ளி, இரவு 10.14

எத்தனை மணிக்கு, தங்கச்சி?